வியர்வை சூட் போட்டுப் பயிற்சி செய்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி: வாங்கும் முன்பிலிருந்து கழற்றிய பின்பு வரை

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் காலை ஐந்தரை மணிக்கு எந்த கிரவுண்டுக்குப் போனாலும், ரெயின்கோட்டோ ஜெர்கினோ மாட்டிக்கொண்டு ஓடுகிற ஒருவரையாவது பார்க்கலாம். காசு இருப்பவர்கள் ஆன்லைனில் சவுனா சூட் வாங்குகிறார்கள்; வியர்வையின் ஆவியை வெளியே விடாமல் உடம்பை மூடுகிற இந்த உடைதான் வியர்வை சூட். இல்லாதவர்கள் வயிற்றில் பாலித்தீன் கவரைச் சுற்றி, அதன்மேல் பனியன் போட்டுக்கொள்கிறார்கள். பயிற்சி கொடுக்கும் இடத்தில் இவர்களைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். சூட்டை முதலில் போட்டுவிட்டு, தண்ணீர், நேரம், எடை, உப்பு எல்லாவற்றையும் அப்புறம் யோசிக்கிறார்கள். சூட் இந்த வரிசையில் கடைசியாக வர வேண்டிய பொருள்.

என் கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பத்தில் ஒன்பது பேருக்கு இந்த சூட் தேவையே இல்லை. ஆனால் "போடாதே" என்று மட்டும் சொன்னால் யாரும் விடுவதில்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து, வெயிலில், தனியாகப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். அதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதனால் வரிசையாகச் சொல்கிறேன். இதில் ஏதாவது ஒரு படியில் உங்களுக்கு "வேண்டாம்" என்று வந்தால், அங்கேயே நின்றுவிடுங்கள்.

1. எதற்காகப் போடுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்றுதான். தொப்பை குறைய வேண்டும். கபடியில் எடைப் பிரிவுக்குள் வர வேண்டும். போலீஸ் அல்லது ராணுவ செலக்‌ஷனுக்கு முன் ஸ்டாமினா ஏற வேண்டும்.

தொப்பைக்காக என்றால் இந்த சூட் உதவாது. ஏன் என்பதை அடுத்த பகுதியில் கணக்கோடு காட்டுகிறேன். செலக்‌ஷனுக்கு என்றாலும் உதவாது. காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். அங்கே உயரத்தையும் மார்பளவையும் அளக்கிறார்கள், உடம்பில் தண்ணீர் குறைந்ததற்கு யாரும் மார்க் போடுவதில்லை. உடல் எடையில் 2 சதவீதம் நீர் குறைந்தாலே ஓட்டத்தின் வேகம் குறையத் தொடங்கும். 65 கிலோ பையனுக்கு அது 1.3 கிலோ. சூட் போட்டு ஓடினால் ஒரே காலையில் அவ்வளவும் போய்விடும், அன்றைய வேகப் பயிற்சியும் அதோடு வீணாகும்.

மிச்சம் இருப்பது எடைப் பிரிவு. அதற்குத் தனியாக 10-ஆம் பகுதி வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு நேராக அங்கே போகாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சூட் போட்டால் உழைத்த மாதிரி இருக்கிறது. அரை மணி நேரத்தில் உடம்பு முழுக்க நனைந்து, முகம் சிவந்து, எடை மெஷினில் ஒரு கிலோ குறைந்து நின்றால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? மாதக்கணக்கில் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்தும் மெஷின் முள் அசையாதவருக்கு அந்த ஒரு கிலோ பெரிய ஆறுதல். அந்த ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. அதனால்தான் அந்த ஒரு கிலோ என்ன என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது முக்கியம்.

2. உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். மற்ற எல்லா விதிகளுக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை. வியர்வை தோலின் மேல் காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாகக் காய்ந்தால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிற வியர்வை எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை.

சூட் போட்ட ஒருவர் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மணிக்கட்டில் இருக்கும் எலாஸ்டிக்கை இழுத்த உடனே, கைப்பகுதியில் தேங்கியிருந்த வியர்வை வெதுவெதுப்பாகக் கொட்டும். கணுக்காலிலும் அப்படியே. பார்க்கிறவர்கள் அதைக் கொழுப்பு கரைந்து வந்ததாகவே நினைக்கிறார்கள். அது குளிர்விக்கும் வேலையைச் செய்ய முடியாமல் உள்ளேயே சிக்கிய தண்ணீர். வேலை நடக்கவில்லை என்று தெரிந்த உடம்பு இன்னும் அதிகமாக வியர்க்கிறது. அதுவும் காயாமல் சிக்குகிறது.

இப்போது கணக்கு. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் நிமிடத்துக்குச் சுமார் 10 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகத்தான் மாறும். அந்த வெப்பம் கொஞ்சம்கூட வெளியேறாவிட்டால், ஏறத்தாழ எட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் உடம்பின் உள்சூடு ஏறும். 37-ல் தொடங்கினால் அரை மணி நேரத்துக்குள் 40-ஐத் தொட்டுவிடும். 40 டிகிரிக்கு மேல் போய் மூளையும் குழம்பத் தொடங்கினால் அதற்குப் பெயர் ஹீட் ஸ்ட்ரோக். நிஜத்தில் தலை, முகம், மூச்சு வழியாகக் கொஞ்சம் வெப்பம் வெளியே போகும், அதனால் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் எந்தத் திசையில் போகிறோம் என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

அடுத்து, அந்த ஒரு கிலோ. அதே ஆள் அரை மணி நேரம் ஓடினால் 300 கிலோகலோரி போகும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கிலோகலோரி இருக்கிறது. அப்படியானால் அந்த ஓட்டத்தில் கரைந்திருக்கக்கூடிய கொழுப்பு அதிகபட்சம் 40 கிராம். மெஷினில் 1.2 கிலோ குறைந்திருந்தால், மீதி முழுக்கத் தண்ணீரும் கொஞ்சம் உப்பும். இரண்டு சொம்பு தண்ணீரும் ஒரு வேளைச் சாப்பாடும் உள்ளே போனால் திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும்.

சூட் போட்டால் இதயம் வேகமாகத் துடிக்கிறது, அதனால் அதிகக் கலோரி போகும் என்று சிலர் வாதிடுவார்கள். ரத்தத்தில் நீர் குறைந்து, இருப்பதில் ஒரு பங்கு தோலுக்குத் திரும்பிவிடுவதால்தான் இதயம் அப்படி அடித்துக்கொள்கிறது. கால்கள் செய்கிற வேலை கூடவில்லை. சொல்லப்போனால், சூடு தாங்காமல் வழக்கமான தூரத்தில் பாதியிலேயே நிறுத்திவிடுவதால் கலோரி குறைவாகத்தான் போகிறது.

3. நீங்கள் போடக்கூடாதவர்கள் பட்டியலில் இருக்கிறீர்களா என்று பாருங்கள்

இதய நோய், சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகக் கல் இருந்தவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் குறைந்தவர்கள், ஒருமுறை ஹீட் ஸ்ட்ரோக் வந்தவர்கள் போடவே கூடாது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

மாத்திரை விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஏற்கெனவே நீர் குறைகிறது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை இதயத் துடிப்பை ஏற விடாது, தோலுக்கு ரத்தம் போவதையும் குறைக்கும். சர்க்கரை நோய்க்குத் தரும் மாத்திரைகளில் சில, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றி வேலை செய்கின்றன. அவையும் நீரை இழுக்கும். சளிக்கும் அலர்ஜிக்கும் சாப்பிடுகிற சில மாத்திரைகள் வியர்வையையே குறைத்துவிடும். "நான் நல்லாத்தான் இருக்கேன், பிரஷருக்கு ஒரே ஒரு மாத்திரை" என்று சொல்கிறவர்கள் அந்த அட்டையை டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் சூட்டைத் தொட வேண்டாம்.

நல்ல உடம்புக்காரர்களும் சில நாட்களில் போடக்கூடாது: காய்ச்சல் விட்டு ஒரு வாரம் ஆகாதபோது, வயிற்றுப்போக்கு இருந்தால், முந்தின இரவு குடித்திருந்தால், தூக்கம் கெட்டிருந்தால். திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கிரவுண்டில் சுருண்டு உட்காருகிறவர்களைக் கேட்டால் இதில் ஏதாவது ஒன்று இருக்கும்.

4. இரண்டு வாரம் சாதாரண உடையில் பழகுங்கள்

வெயிலுக்கும் வெப்பத்துக்கும் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் பிடிக்கும். இந்த நாட்களில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் போகும் உப்பு குறையும். இதை அடைவதற்காகத்தான் குளிர் நாட்டு வீரர்கள் சிலர் சூட் போட்டுப் பயிற்சி செய்கிறார்கள். அவர்களுக்கு அங்கே வெயில் போதாது.

நமக்கு மார்ச் வந்தால் வெயில் தானாகவே வந்துவிடுகிறது. பருத்திப் பனியனோ மெல்லிய ஜெர்ஸியோ போட்டு, காலை ஏழு மணி வாக்கில் அரை மணி நேரம் மெதுவாக ஓடினாலே அந்தப் பழக்கம் கிடைத்துவிடும். ஸ்டாமினாவுக்காக சூட் தேடுகிறவர்கள் இந்தப் படியோடு நின்றுகொள்ளலாம். அதற்கு மேல் சூட் தரப்போவது ஒன்றும் இல்லை.

இந்த இரண்டு வாரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஓடும் முன்பும், ஓடி முடித்து உடம்பைத் துடைத்த பின்பும் ஒரே மெஷினில், உள்ளாடையோடு மட்டும் எடை பாருங்கள். நனைந்த துணியோடு ஏறினால் கணக்கு தப்பும். இடையில் குடித்த தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முன்பு 70.0, பின்பு 69.4, இடையில் குடித்தது அரை லிட்டர் என்றால் உங்கள் வியர்வை 1.1 லிட்டர். சாதாரண உடையில் எவ்வளவு போகிறது என்று தெரியாதவருக்கு, சூட்டில் எவ்வளவு கூடுகிறது என்பதும் தெரியாது. இந்த எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

5. எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

பாலித்தீன் கவர், கிச்சனில் உணவு சுற்றுகிற பிளாஸ்டிக் ஷீட், மழைக்குப் போடும் ரப்பர் கோட்டு மூன்றையும் விட்டுவிடுங்கள். அவசரத்தில் கழற்ற முடியாது என்பதுதான் முதல் காரணம். வயிற்றில் ஏழெட்டுச் சுற்று சுற்றிய பிளாஸ்டிக், வியர்வையில் தோலோடு ஒட்டிக்கொண்டால் கை நடுங்குகிற நேரத்தில் நகத்தால்தான் கிழிக்க வேண்டும்.

வயிற்றுக்கு மட்டும் போடுகிற ஸ்வெட் பெல்ட்டைத்தான் பெண்கள் அதிகம் வாங்குகிறார்கள். வியர்க்கிற இடத்தில் கொழுப்பு கரையும் என்பது அதை விற்கிறவர்கள் சொல்வது. ஒரு இடத்தில் வியர்ப்பதற்கும் அங்கே உள்ள கொழுப்புக்கும் சம்பந்தமே இல்லை. உடம்பு தனக்குத் தோன்றிய இடத்திலிருந்துதான் கொழுப்பை எடுக்கும். பெல்ட்டைக் கழற்றியதும் இடுப்பு ஒரு அங்குலம் சின்னதாகத் தெரிவது அழுத்தத்தால். சாயந்திரத்துக்குள் பழையபடி ஆகிவிடும். இறுக்கிக் கட்டினால் மூச்சை ஆழமாக இழுக்க முடியாது, நெஞ்செரிச்சலும் வரும்.

அப்படியும் சூட்தான் வேண்டும் என்றால் இப்படித் தேர்ந்தெடுங்கள்:

முன்பக்கம் முழு நீள ஜிப் இருக்க வேண்டும். தலைவழியாகக் கழற்றுகிற மாடல் வேண்டாம். மயக்கம் வருகிறவரால் கையைத் தூக்க முடியாது.

மேல்சட்டை மட்டும் போதும். கால்கள் திறந்திருந்தால் அங்கேயாவது வியர்வை காயும். தலையை மூடும் தொப்பி இருந்தால் அதை மடித்து விடுங்கள்.

ஒரு சைஸ் பெரிதாக எடுங்கள். தோலில் ஒட்டும் அளவு இறுக்கமாக இருந்தால் அக்குளிலும் இடுப்பிலும் உரசிப் புண்ணாகும்.

நியோப்ரீன் என்ற ரப்பர் வகைத் துணி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அரிப்பு அன்றைக்கே வராமல் மறுநாளும் வரலாம் என்பதால் இரண்டு நாள் பொறுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

6. முந்தின நாளும் அன்று காலையும்

தண்ணீரைக் காலையில் எழுந்ததும் மொத்தமாகக் குடித்துவிட்டு ஓடுவது பெரிய தப்பு. அது வயிற்றில் குலுங்கும், பாதி சிறுநீராகப் போய்விடும். முந்தின நாள் முழுக்கப் பிரித்துக் குடித்து வர வேண்டும். காலையில் முதல் சிறுநீர் வைக்கோல் நிறத்தில் வெளிறி இருந்தால் சரி. அடர் மஞ்சளாக இருந்தால் அன்று சூட் இல்லை, சாதாரணப் பயிற்சிதான். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் போதும்.

எந்தத் தண்ணீர் என்பது நம் இரண்டு மாவட்டங்களில் தனிக் கேள்வி. இங்கே பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை ஏறிய பிள்ளைகளைப் பார்த்தாலே தெரியும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டு வந்து 2013-ல் தொடங்கி வைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஒருவர் நாளைக்கு இரண்டு லிட்டர் குடிப்பதும், பயிற்சிக்காக ஐந்து லிட்டர் குடிப்பதும் ஒன்றல்ல. தண்ணீர் கூடக் கூட உள்ளே போகும் ஃபுளோரைடும் கூடும். கிரவுண்டு ஓரத்தில் இருக்கும் போர் குழாயில் வாய் வைத்துக் குடிக்காமல், ஒகேனக்கல் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ வீட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது.

காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். நேற்றுக் காலை எடையைவிட ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் நேற்றுப் போன தண்ணீரே இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். அன்றும் சூட் வேண்டாம்.

7. நேரம், இடம், கூட ஓர் ஆள்

ஏப்ரல், மே மாதங்களில் சூட்டைப் பெட்டியில் வைத்துவிடுங்கள். மற்ற மாதங்களில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மழை பெய்து ஓய்ந்த புழுக்கமான காலையைக் குளிர்ச்சி என்று நினைத்து ஏமாறாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் திறந்த கால்களிலும் வியர்வை காயாது.

ஓசூர்க்காரர்கள், "எங்கள் ஊரில்தான் குளிராயிற்றே" என்பார்கள். உண்மைதான். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் பாதிதான். டிசம்பர் காலையில் அங்கே சூட் போடுவது இங்கே போடுவதைவிடப் பாதுகாப்பு. ஆனால் வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் சூட்டுக்குள் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். குளிர் கொடுப்பது கொஞ்சம் கூடுதல் அவகாசம் மட்டுமே. கண்ணாடி மூடிய ஏ.சி. இல்லாத ஜிம்மில் ட்ரெட்மில்லில் சூட்டோடு ஓடுவது எந்த ஊரிலும் எந்த மாதத்திலும் கூடாது.

தனியாகப் போடாதீர்கள். கூட வருகிறவர் சூட் போடாதவராக இருக்க வேண்டும். உள்சூடு ஏறும்போது முதலில் மங்குவது யோசிக்கும் திறன்தான். "எனக்கு ஒண்ணுமில்ல, இன்னும் ரெண்டு ரவுண்டு" என்று சொல்கிறவருக்குத் தன் நிலை தெரியாது. அதனால் நிறுத்தும் உரிமையைக் கூட இருப்பவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். அவர் நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும், வாக்குவாதம் கிடையாது.

8. போட்ட பிறகு

முதலில் சூட் இல்லாமல் பத்து நிமிடம் வார்ம் அப். அப்புறம்தான் சூட். நேரடியாகப் போட்டுக்கொண்டால் எந்தச் சோர்வு வேலையால் வந்தது, எது சூட் போட்டதால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

முதல் தடவை பத்து நிமிடம் வேக நடை மட்டும். ஒத்துக்கொண்டால் அடுத்த முறை ஐந்து நிமிடம் கூட்டலாம். எவ்வளவு பழகினாலும் 25 நிமிடத்துக்கு மேல் நான் யாரையும் விடுவதில்லை; 2-ஆம் பகுதியில் போட்ட கணக்குதான் காரணம். வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம், நடுவில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள். ஸ்பிரிண்ட், ரோப் கிளைம்பிங், பளு தூக்குவது எதையும் சூட்டோடு செய்யக்கூடாது. சூடும் கடும் உழைப்பும் சேர்ந்தால் தசை நார்கள் சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கலாம். அதன் அடையாளம், மறுநாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் வருவது. அப்படி வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூட இருப்பவர் பேச்சுக் கொடுக்க வேண்டும். "காலையில என்ன சாப்பிட்ட?" போதும். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பதிலாக வர வேண்டும். பதில் குழறினாலோ, கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் வந்தாலோ உடனே ஜிப்பைத் திறக்க வேண்டும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு தண்ணீர். "தண்ணி குடிச்சா வெயிட் குறையாதே" என்று குடிக்காமல் ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிற ஒரே இடம் இதுதான். குறைவது தண்ணீர்தான் என்று தெரிந்த பிறகும் அதைத் திரும்பக் கொடுக்காமல் இருப்பதில் என்ன லாபம்?

9. நிறுத்த வேண்டிய அறிகுறிகளும், விழுந்தால் செய்ய வேண்டியதும்

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு, வியர்க்கும்போதே உடம்பு சில்லிட்டு மயிர்க்கூச்செறிவது. இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கு முடிந்தது. நிழலில் உட்கார்ந்து, கழற்றி, தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, உப்புப் போட்ட நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும்.

நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, வலிப்பு, நினைவு தப்புவது இவையெல்லாம் ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை நின்று தோல் காய்ந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்று பலர் நம்புகிறார்கள். உழைத்துக்கொண்டிருக்கும்போது வருகிற ஹீட் ஸ்ட்ரோக்கில் உடம்பு தெப்பமாக நனைந்தே இருக்கலாம். நெற்றியில் கை வைத்தோ அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தோ பார்த்து "காய்ச்சல் இல்லையே" என்று சமாதானம் ஆகாதீர்கள், உள்சூட்டை அது காட்டாது.

செய்ய வேண்டியதன் வரிசை: 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும். அதே நேரம் மற்றவர்கள் சூட்டைக் கழற்றி, ஜிப் சிக்கினால் வெட்டி, உடம்பைக் குளிர வைக்கத் தொடங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்கக் கூடாது. பக்கத்தில் பம்ப்செட் தொட்டி இருந்தால் கழுத்து வரை அதில் இறக்கி, தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தொட்டி இல்லையென்றால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஈரத் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள் உடம்பின் வெப்பத்தை இறக்குவதில்தான் உயிர் இருக்கிறது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பாராசிட்டமால் இதில் வேலை செய்யாது.

10. கபடி எடைப் பிரிவுக்காக என்றால்

நம் கிராமங்களில் 55 கிலோ, 60 கிலோ என்று எடை வைத்துப் போட்டி நடத்தும்போதுதான் சூட்டுக்குத் தேவை பிறக்கிறது. முந்தின நாள் ராத்திரி, "அண்ணா, ஒன்றரை கிலோ இறக்கணும், சூட் இருக்கா?" என்று போன் வரும். இரண்டு நாள் சாப்பிடாமல், எச்சில் துப்பிக்கொண்டே ஓடி எடையைத் தொட்டுவிட்டு, முதல் ரெய்டிலேயே கால் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும்போது இறந்துபோனார்கள். மூவருமே ஆவி வெளியேறாத சூட் போட்டு, சூடான இடத்தில் பயிற்சி செய்தவர்கள். இளைஞர்கள், நல்ல உடம்பு, பக்கத்தில் பயிற்சியாளர்களும் இருந்தார்கள். அதன்பின் 1998-ல் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் இந்த சூட்டையும், சவுனா என்கிற வியர்க்க வைக்கும் சூடான அறையையும் தடை செய்துவிட்டார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் இரவெல்லாம் பாடுபட்டு, தலைமுடியைக்கூட வெட்டியும், 50 கிலோவுக்கு மேல் 100 கிராம் கூடுதலாக நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம். டாக்டர்கள், நிபுணர்கள் சூழ இருந்தவருக்கே உடம்பு ஒரு கட்டத்துக்கு மேல் தண்ணீரை விட மறுத்துவிட்டது.

அதனால் என் முறை இது. போட்டிக்கு ஆறு வாரம் முன்பே எடை பாருங்கள். வாரத்துக்கு அரை கிலோ வீதம் சாப்பாட்டில் குறைத்தால் மூன்று கிலோ வரை சூட் இல்லாமலே இறங்கும். அதற்கும் மேல் இறக்க வேண்டியிருந்தால் அந்தப் பிரிவு உங்களுக்கானதல்ல, மேல் பிரிவில் ஆடுங்கள். கடைசி நாளில் சூட் போட்டு இறக்குவதற்கு நான் யாருக்கும் துணை நிற்பதில்லை. 55 கிலோ பிரிவில் ஆட வருகிற பையன்களில் நிறையப் பேர் 18 வயதைத் தொடாதவர்கள். 3-ஆம் பகுதியின் முதல் வரியிலேயே அவர்களுக்குப் பதில் இருக்கிறது.

11. கழற்றிய பின்

உடனே உட்காராதீர்கள், படுக்கவும் வேண்டாம். ஜிப்பைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் மெதுவாக நடந்து, அப்புறம் கழற்றுங்கள். ஓடிக்கொண்டிருந்தவர் சட்டென்று நின்றால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும். துடைத்துவிட்டு எடை பாருங்கள்.

குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் நீர் திரும்ப வேண்டும். அதை நாலைந்து மணி நேரத்தில் பிரித்துக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீராகவே குடித்துத் தீர்த்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி வரை போகும். ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறக்குறைய அரை டீஸ்பூன் உப்பும் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்புப் போட்ட மோர் கலந்த ராகிக் கூழோ கம்பங்கூழோ இரண்டு சொம்பு குடித்தால் நீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒன்றாகச் சேரும். நம் பக்கத்தில் கிடைப்பதில் இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கூழ் இறங்காதவர்கள் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கரைத்துக் குடிக்கலாம். எத்தனை தண்ணீருக்கு என்று பாக்கெட்டின் பின்னால் போட்டிருக்கும், அதே அளவில் கரையுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலைதட்டி. அன்று முழுக்க சிறுநீர் நிறத்தைக் கவனியுங்கள்.

குளித்துவிட்டு அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே ஈரம் போகத் துடையுங்கள். வேர்க்குரு வந்தால் அது அடங்கும்வரை சூட் கிடையாது. வட்டமாகச் சிவந்து அரிக்கிற படர்தாமரை வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குகிற ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தடவாதீர்கள். இரண்டு நாள் அடங்கின மாதிரி இருந்துவிட்டுப் பல மடங்காகப் பரவும். தோல் டாக்டரிடம் காட்டுங்கள். சூட்டை ஒருவருக்கொருவர் மாற்றிப் போடுவதும் வேண்டாம். கிரவுண்டில் படர்தாமரை பரவ அதுவே போதும்.

12. சூட்டைப் பராமரிப்பது

உள்பக்கத்தை வெளியே திருப்பி, அன்றன்றே சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் உள்பூச்சு வெடிக்கும். வாஷிங் மெஷின், வெந்நீர், இஸ்திரி எதுவும் கூடாது. முழுதாகக் காயாத சூட்டை பைக் டிக்கியில் சுருட்டி வைத்தால் மறுநாள் நாற்றத்தோடு பூஞ்சையும் சேர்ந்திருக்கும். போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஒருமுறை சிக்கினாலும் தையல்காரரிடம் கொடுத்து மாற்றிய பிறகே போடுங்கள். உள்பூச்சு உரிந்து தோலில் துகளாக ஒட்டத் தொடங்கினால் அந்த சூட்டை விட்டுவிட வேண்டியதுதான்.